காளியை இன்று எப்படி வரைகிறார்கள்? பார்வையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓவியக் கண்காட்சிகளில் பார்வையாளர்களோடு நின்று படங்களைப் பற்றிப் பேசுவது என் வேலை. காளி படமோ துர்கை படமோ மாட்டியிருந்தால் கூட்டம் அங்கேதான் சேரும், கேள்வியும் அங்கேதான் வரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கொடுத்திருக்கிறேன். முதலில் வருபவை அடிப்படைக் கேள்விகள். அவை தெரிந்தவர்கள் நவீன ஓவியர் தைப் மேத்தா பற்றிய கேள்விக்கு நேரே போய்விடலாம்.

காளியும் துர்கையும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு பேரு?

தேவியின் போர்களைச் சொல்லும் தேவி மாகாத்மியம் என்ற பழைய நூலின் கதைப்படி, சண்டன், முண்டன் என்ற அசுரர்கள் படையோடு வரும்போது அம்பிகையின், அதாவது துர்கையின், முகம் கோபத்தில் கறுக்கிறது. நெற்றியிலிருந்து காளி வெளிப்படுகிறாள். அந்த இருவர் தலையையும் கொண்டுவந்து கொடுத்ததால் அவளுக்குச் சாமுண்டி என்ற பெயரும் வருகிறது. சக்தி ஒன்றுதான். அவளுடைய கோபம் தனியாக உருவெடுத்து நின்றால் காளி.

படத்தில் சிங்கமும் எருமைத்தலை அசுரனும் இருந்தால் துர்கை என்று வைத்துக்கொள்ளலாம். விரித்த கூந்தல், கறுத்த மேனி, தலைமாலை, காலடியில் சிவன் என்றிருந்தால் காளி. இன்றைய ஓவியர்கள் சிலர் வேண்டுமென்றே இரண்டையும் கலந்துவிடுவார்கள்.

நாக்கை ஏன் நீட்டிக்கிட்டு நிக்கிறா? கோபமா, வெட்கமா?

இரண்டுக்கும் கதை இருக்கிறது. ரக்தபீஜன் என்ற அசுரனின் ரத்தம் ஒரு சொட்டு மண்ணில் விழுந்தாலும் அதிலிருந்து இன்னொரு அசுரன் எழுவான். அந்த ரத்தம் தரையைத் தொடும் முன்பே காளி வாயைத் திறந்து குடித்துவிடுகிறாள். இது பழைய கதை. வங்கத்தில் மக்கள் சொல்வது வேறு. வெறியாட்டத்தில் இருந்தவளை நிறுத்தச் சிவன் குறுக்கே படுக்கிறார். கணவர் மேல் கால் பட்டுவிட்டதே என்று அவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

ஓவியர் எந்தக் கதையை எடுத்திருக்கிறார் என்பது கண்களில் தெரியும். பார்வை போர்க்களத்தில் இருந்தால் முதல் கதை, குனிந்து காலடியைப் பார்த்தால் இரண்டாவது. காலண்டர் படங்களில் இரண்டும் கலந்தே இருக்கும். இந்த நாக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால், ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவுக்காக 1970இல் ஜான் பாஷ் வரைந்த உதடும் நாக்குமான சின்னத்துக்கே காளி படம்தான் தூண்டுதல்.

நம்ம ஊர்க் கோயில்ல இருக்கிற காளி இப்படி இல்லையே? ஓவியத்துல மட்டும் ஏன் வேற மாதிரி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சிவன் மேல் கால் வைத்து, நாக்கு தொங்க, நான்கு கைகளோடு நிற்பவள் வங்கத்தின் தட்சிணகாளி. அந்த உருவம் இந்தியா முழுக்கப் பரவியதற்கு அச்சு இயந்திரம்தான் காரணம். 1878இல் தொடங்கிய கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோ கல்லச்சில் காளி படங்களை அடித்துத் தள்ளியது. 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகமும் சாமி படங்களை வீடு வீடாகக் கொண்டுபோனது. பூஜையறைக்கும் கடைக் கல்லாவுக்கும் வந்த காளி அப்படி வந்தவள்தான். பின்னால் வந்த ஓவியர்களில் பலர் கண்ணில் முதலில் பதிந்ததும் அவளே.

தமிழ்நாட்டுக் காளியின் இலக்கணம் வேறு. தீச்சுடர்போல் மேலெழும் முடி, கடைவாயில் கோரைப்பல், கையில் சூலம், உடுக்கை, கபாலம், காதில் பிணக்குண்டலம், காலடியில் அசுரன். நாக்கு பெரும்பாலும் வெளியே வராது. தஞ்சையில் விசயாலய சோழன் நிசும்பசூதனிக்கு, அதாவது நிசும்பன் என்ற அசுரனை அழித்த தேவிக்கு, கோயில் எடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அதற்கும் முன்னால், சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் எருமைத்தலை மேல் நிற்கும் கொற்றவை இருக்கிறாள். கலிங்கத்துப் பரணியில் போர்க்களத்தையே அடுக்களையாக்கிப் பேய்கள் கூழ் சமைக்க, நடுவில் காளி இருக்கிறாள். திருவாலங்காட்டிலோ அவள் சிவனோடு போட்டி போட்டு ஆடுகிறாள்.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, இங்கே ஓவியம் படிக்கும் பிள்ளைகள் இணையத்தில் கிடைக்கும் வங்கக் காளியிலிருந்து தொடங்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. வங்கக் காளி அழகுதான். ஆனால் உட்கார்ந்த நிலையில் அவ்வளவு உக்கிரம் காட்டும் தமிழ்க் காளியை நவீன ஓவியம் இன்னும் சரியாகத் தொடவே இல்லை என்பது என் எண்ணம்.

காளி கறுப்பா, நீலமா?

சாத்திரப்படி கறுப்பு. வெள்ளை, மஞ்சள் முதலான எல்லா நிறங்களும் கறுப்பில் கரைவதுபோல எல்லா உயிர்களும் அவளில் ஒடுங்குகின்றன என்று மகாநிர்வாண தந்திரம் என்ற நூல் விளக்கம் சொல்கிறது. அதாவது ஊழிக்காலத்தின் நிறம்.

நீலத்துக்குக் காரணம் தூரிகைப் பக்கம் இருக்கிறது. சுத்தக் கறுப்பில் ஓர் உடலை வரைந்து பாருங்கள். தோள் எங்கே வளைகிறது, விலா எங்கே இறங்குகிறது என்று எதுவும் தெரியாது, வெட்டி ஒட்டிய காகிதம்போல் தட்டையாகிவிடும். வெளிச்சம் விழும் இடத்துக்கு ஏதாவது ஒரு நிறம் தேவை. சாம்பல் பூசினால் உடல் செத்துப்போகும், நீலம் பூசினால் உயிர் வரும். தேர்ந்த ஓவியர்கள் பலர் குழாயில் வரும் கறுப்பை அப்படியே எடுக்க மாட்டார்கள். அல்ட்ராமரைன் நீலத்தையும் எரிந்த பழுப்பையும் கலந்து கறுப்பை உண்டாக்குவார்கள். நீலம் கூடினால் அது இரவாகும், பழுப்பு கூடினால் மண்ணாகும். காளி படத்துக்குப் பக்கத்தில் போனால் இடுப்பு மடிப்பையும் முழங்கை உட்புறத்தையும் பாருங்கள். என்ன கறுப்பு என்பது அங்கே தெரிந்துவிடும்.

கழுத்துல தலை, இடுப்புல கை... பார்க்கவே பயமா இருக்கு. இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?

மாலையில் ஐம்பது தலைகள் என்பது மரபு. அவை சமஸ்கிருத எழுத்துகள், அதாவது பேச்சும் பெயரும் பிறக்கும் இடம். இடுப்பைச் சுற்றியிருக்கும் வெட்டுண்ட கைகள் மனிதர் செய்யும் வினைகள். இடது கைகளில் வாளும் தலையும் இருக்கும். வெட்டப்படுவது அகந்தை என்று சொல்வார்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது வலது பக்கத்தை. அங்கே ஒரு கை அபயம் காட்டுகிறது, பயப்படாதே என்று. இன்னொன்று வரம் தருகிறது. அந்த உருவத்தில் கொலை பாதி, காவல் பாதி. எந்தக் காளி ஓவியத்துக்கு முன் நின்றாலும் நான் முதலில் தேடுவது அந்த வலது கையைத்தான். ஓவியர் அதை வைத்திருக்கிறாரா, வேறு எதையாவது கொடுத்திருக்கிறாரா, வெட்டியே விட்டாரா? இன்றைய படம் என்ன சொல்ல வருகிறது என்பதில் பாதி அங்கேயே பிடிபட்டுவிடும்.

சிவன் மேல மிதிச்சு நிக்கிறது மரியாதைக் குறைவு இல்லையா?

பக்தர்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. சக்தி இல்லாவிட்டால் சிவன் அசைய மாட்டார், பிணம்போல் கிடப்பார் என்பது சக்தியை முதன்மையாக வணங்கும் சாக்த மரபின் அடிப்படை. அவர் வெள்ளை, அசைவில்லாதவர். அவள் கறுப்பு, ஆடுபவள். ஓவியக் கண்ணோடு பார்த்தால் கிடைமட்டமாக ஒரு வெள்ளை, அதன்மேல் செங்குத்தாக ஒரு கறுப்பு. அதைவிட வலுவான அமைப்பு கிடைப்பது கஷ்டம்.

இன்றைய ஓவியங்கள் பலவற்றில் சிவன் காணாமல் போகிறார். அவர் போனதும் நாக்குக்கு இருந்த வெட்கக் கதையும் கூடவே போய்விடுகிறது. கோபம் மட்டும் மிஞ்சுகிறது. இது தற்செயலாக நடப்பதில்லை, ஓவியர் தெரிந்து எடுக்கும் முடிவு.

தைப் மேத்தா வரைஞ்ச காளிக்கு ஏன் இவ்வளவு பேச்சு? கோடிக்கணக்குல வித்ததாலயா?

விலையும் ஒரு காரணம்தான். அவருடைய மகிஷாசுரன் ஓவியம் 2005இல் நியூயார்க் ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு மேல் போனது. இந்திய நவீன ஓவியம் ஒன்று பத்து லட்சம் டாலரைத் தாண்டியது அதுவே முதல் தடவை. 1989இல் வரைந்த காளி 2018 ஜூன் மாதம் 26.4 கோடி ரூபாய்க்கு விற்றது. செய்தித்தாளில் இந்த எண்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் படத்தைப் பார்த்ததும், இதில் ஒன்றுமே இல்லையே என்கிறார்கள்.

ஒன்றுமே இல்லை என்பதுதான் அதில் விசேஷம். தலைமாலையும் நகையும் பிரபையும் போய்விட்டன. பூச்சு தெரியாத தட்டையான வண்ணப் பரப்பில் நீல உடல், ரத்தச் சிவப்பாய்த் திறந்த வாய். எல்லாவற்றையும் கழித்துவிட்டு வாயை மட்டும் வைத்தார் மேத்தா. அது கத்துகிறதா, விழுங்குகிறதா என்று சொல்ல முடியாது.

மகிஷாசுரன் படங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. தேவியின் உடலும் எருமையின் உடலும் ஒன்றுக்குள் ஒன்று சுற்றிக்கொள்கின்றன. சண்டை என்று பார்த்தால் சண்டை, தழுவல் என்று பார்த்தால் தழுவல். எது யாருடைய கை என்று பிரித்துப் பார்க்க உங்களுக்கு நேரம் பிடிக்கும். 1980களின் நடுவில் வங்கத்திலுள்ள சாந்திநிகேதனில் தங்கியிருந்த பிறகுதான் அவருடைய தேவி ஓவியங்கள் வருகின்றன.

அவர் முஸ்லிம்தானே? நம்ம சாமியை ஏன் வரையணும்?

நேரடியாகவே கேட்கிறார்கள், நானும் நேரடியாகவே சொல்கிறேன். 1947 கலவரத்தின்போது பம்பாய் முகமது அலி சாலையில் ஒரு மனிதரைக் கும்பல் அடித்துக் கொன்றதை இளைஞரான தைப் மேத்தா தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தார். அந்தக் காட்சி கடைசிவரை அவரை விடவில்லை. தலைகீழாக விழும் மனிதர்கள், கட்டிப்போட்ட காளை என்று அதையேதான் வரைந்துகொண்டிருந்தார். 1970இல் எடுத்த 'கூடல்' என்ற குறும்படத்தில் பாந்திரா இறைச்சிக்கூடக் காட்சிகள் வருகின்றன. கொலையைக் கண்ணால் பார்த்த ஒருவர் அதற்கு ஒரு முகம் தேடி, காளியிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார். அவளுடைய வாய் ஏன் அப்படித் திறந்திருக்கிறது என்பதற்கு எனக்குத் தோன்றும் விடை இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்த சுல்தான் அலி, நந்தியையும் பழங்குடி மக்களின் தெய்வ வடிவங்களையும் வாழ்நாள் முழுக்க வரைந்தவர். இந்த மண்ணில் பிறந்த ஓவியருக்கு இந்த உருவங்கள் யாரிடமும் அனுமதி கேட்டு வருவதில்லை.

அம்மனை ஆடையில்லாம வரையலாமா? ஹுசைன் மேல கேஸ் போட்டாங்களே?

காளிக்குத் திகம்பரி என்றே பெயர், திசைகளையே ஆடையாகக் கொண்டவள். தியான சுலோகங்கள் அவளை ஆடையில்லாமல்தான் வருணிக்கின்றன. ஆகவே காளியைப் பொறுத்தவரை மரபே பதில் சொல்லிவிடுகிறது. மற்ற தெய்வங்களுக்கு இதே விதி பொருந்தாது. பார்ப்பவர் மனம் புண்படுவதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை.

ஓவியர் எம்.எஃப். ஹுசைன் 1970களில் கோடுகளால் வரைந்த தெய்வச் சித்திரங்கள் 1996இல்தான் சர்ச்சையாயின. பிறகு, ஒரு பெண்ணுடலை இந்திய வரைபட வடிவில் வரைந்த ஓவியத்துக்காக வழக்குகள் வந்தன. அது ஆபாசம் அல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2008 மே 8 அன்று வழக்கை ரத்து செய்தது. ஆனாலும் 2006இல் நாட்டைவிட்டு வெளியேறியவர் திரும்பி வரவில்லை. 2011இல் லண்டனில் இறந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டிய ஓவியர் ஊர் திரும்ப முடியாமல் போனது நமக்கு இழப்பு என்றுதான் நினைக்கிறேன்.

சாமியை அரசியலுக்கு இழுக்கிறது இப்பதான் வந்த பழக்கமா?

இல்லவே இல்லை. மேலே சொன்ன கல்கத்தா கல்லச்சுப் படங்களில் காளியின் மாலையிலிருந்த தலைகள் வெள்ளைக்காரர்களின் முகம்போல் இருக்கின்றன என்று ஆங்கிலேய அதிகாரிகள் அப்போதே சந்தேகப்பட்டார்கள். 1943 வங்கப் பஞ்சத்தின்போது ஓவியர் நந்தலால் போஸ் வரைந்த அன்னபூரணியைப் பாருங்கள். அவள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள், அவள் முன்னே சிவன் எலும்புக்கூடாக ஆடுகிறார். சோறு போடும் தெய்வத்தின் எதிரில் கடவுளே பட்டினி. எந்த முழக்கமும் இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்ட படம் அது.

2015 ஆகஸ்டில் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மீது, அழிந்துவரும் உயிரினங்களுக்காக நடந்த ஒளிக்காட்சியில் ஆண்ட்ராய்டு ஜோன்ஸ் என்ற டிஜிட்டல் ஓவியரின் காளி முகம் தெரிந்தது. இயற்கையை அழித்தால் அவள் கோபிப்பாள் என்ற பொருளில். பிரம்மாண்டம்தான். ஆனால் எனக்கு நந்தலாலின் சின்னப் படம்தான் பெரிதாகத் தெரிகிறது.

காளியைப் பெண்ணியச் சின்னமா ஆக்குறது மேல்நாட்டு இறக்குமதிதானே?

அந்தப் பேச்சு அங்கே அதிகம் என்பது உண்மை. ஆனால் அங்கேயும் முக்கியமான படத்தை வரைந்தவர் சாந்திநிகேதனில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த சுதபா பிஸ்வாஸ். 1985-86இல் அவர் வரைந்த பெரிய படத்தில் காளி ஒரு குடும்பத் தலைவி. அக்குளில் முடி தெரியும் உடல், கையில் வெட்டுக் கத்தி, கழுத்தில் அதிகாரம் செய்த ஆண்களின் தலைகள். மேலே கைகளைப் பற்றிச் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஒரு கையில் பூ இருக்கிறது. இன்னொரு கையில் இருக்கும் தாளில், 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்தெமிசியா ஜென்டிலெஸ்கி வரைந்த படம். அதுவும் ஒரு பெண் வாளெடுத்து ஆணின் தலையை அறுக்கும் காட்சி. இரண்டு மரபுகளையும் ஒரே உடலில் சேர்த்துவிட்டார்.

இங்கேயே இருந்து வரைந்தவர்களும் உண்டு. பிகாஷ் பட்டாச்சார்ஜி தன் துர்கை வரிசையில் நாம் தெருவில் பார்க்கும் சாதாரணப் பெண்களை அச்சு அசலாக வரைந்து, நெற்றியில் மூன்றாவது கண்ணை மட்டும் சேர்த்தார். அர்பிதா சிங் 1993இல் வரைந்த துர்கையின் கையில் துப்பாக்கி இருக்கிறது. அப்புறம், நம் கிராமங்களில் இசக்கி, நீலி என்று கும்பிடும் தெய்வங்கள் யார்? அநியாயமாகக் கொல்லப்பட்ட பெண்கள். பழையனூர் நீலி கதை இறக்குமதிச் சரக்கு இல்லையே. கோபப்பட நியாயம் இருந்த பெண்ணைத் தெய்வமாக்குவது நமக்குப் பழகிய வழிதான்.

ஆனால் ஒரு பெண்ணை வரைந்து, தலைமுடியை விரித்து, நாக்கை நீட்டிவிட்டால் போதும் என்று நினைக்கும் படங்களும் நிறைய வருகின்றன. யார் மேல் கோபம், யாருக்கு அபயம் என்று அவை சொல்வதில்லை. எனக்கு அவை சுவரொட்டியாகத்தான் படுகின்றன.

அசுரனை ஏன் எப்பவும் கறுப்பா, அசிங்கமா வரையறாங்க? அவன் எங்க ஆள்னு சொல்றவங்க இருக்காங்களே?

இருக்கிறார்கள். ஜார்க்கண்ட், வங்கப் பகுதிகளில் வாழும் அசுர் பழங்குடியினர் மகிஷாசுரனைத் தங்கள் முன்னோராகக் கருதுகிறார்கள். துர்கா பூஜை அவர்களுக்குத் துக்க நாள். காலண்டர் படங்களில் தேவி சிவப்பாகவும் அசுரன் கறுப்பாகவும் இருப்பதை இவ்வளவு நாள் யாரும் கேள்வி கேட்காமல் விட்டதுதான் ஆச்சரியம். அதிலும் காளியே கறுப்பி என்னும்போது அந்த நிறக் கணக்கு எந்த வகையிலும் நிற்காது.

பழைய சிற்பிகள் இதைவிட நேர்மையாக இருந்திருக்கிறார்கள். மாமல்லபுரம் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் சிற்பத்தில், மகிஷன் வெட்டுப்பட்டுக் கிடக்கவில்லை. ஆறடி மனிதன்போல் கம்பீர உடல், எருமைத் தலை, கையில் கதை. உடல் பின்வாங்கச் சாய்ந்திருக்கிறது, முகம் இன்னும் திரும்பவில்லை. எதிரில் எட்டுக் கையோடு சிங்கத்தின் மேல் வரும் தேவி அவனைவிடச் சின்ன உருவம். எதிரியைக் கேவலப்படுத்தாமலே அவளுடைய பலத்தைக் காட்டிவிட்டார் அந்தச் சிற்பி. மேத்தாவின் மகிஷனும் இந்த வம்சம்தான்.

உருவமே இல்லாம முக்கோணம் மட்டும் போட்டுட்டு காளின்னு பேர் வைக்கிறாங்களே?

அதுவும் மரபில் உள்ளதுதான். வழிபாட்டுக்குக் கோடுகளால் வரையும் காளி யந்திரத்தின் நடுவில் கீழ்நோக்கிய முக்கோணங்கள்தான் இருக்கும். 1960களிலிருந்து பிரேன் தே, ஜி.ஆர். சந்தோஷ் போன்றவர்கள் இந்த யந்திர வடிவங்களிலிருந்து தங்கள் ஓவியங்களை வளர்த்தெடுத்தார்கள். முக்கோணம் கீழ்நோக்கி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மேல்நோக்கி இருந்தால் அது சிவன்.

இந்த மாதிரி படத்தை வீட்டுல மாட்டலாமா? ஆகாதுன்னு சொல்றாங்களே?

பூஜைக்கு வைக்கும் படமும் பார்த்து ரசிக்கும் ஓவியமும் வேறு. வழிபாட்டு முறை செய்யாத ஓவியத்தால் கெடுதல் வரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் வீட்டில் பெரியவர்கள் சங்கடப்பட்டால் அவர்கள் கண்ணில் தினமும் படும் இடத்தில் மாட்டாதீர்கள். வெயில் நேரே விழும் சுவரும் வேண்டாம், சிவப்பு நிறங்கள் சில சீக்கிரம் வெளுத்துவிடும்.

ஏஐகிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல அருமையான காளி படம் தருதே. அப்புறம் ஓவியர் எதுக்கு?

அந்தப் படங்களில் கைகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாக் கையிலும் ஆயுதம் இருக்கும். அபயக் கை இருக்காது. பளபளப்பான தோல், பின்னால் நெருப்பு, சினிமாக் கதாநாயகி முகம். ஏற்கெனவே வந்த படங்களின் சராசரியைத்தான் அது தருகிறது. சிவனை எடுத்துவிடலாமா, நகையெல்லாம் கழித்துவிட்டு வாயை மட்டும் வைக்கலாமா என்ற முடிவை எடுக்க ஒரு காரணம் இருந்தாக வேண்டும், அது ஓவியரிடம்தான் இருக்கும்.

நான் ஓவியம் படிக்கிறேன். காளியை வரையணும்னு ஆசை. எங்கே இருந்து தொடங்கட்டும்?

இணையப் படங்களை மூடிவைத்துவிட்டு ஒரு நோட்டோடு கோயிலுக்கோ அருங்காட்சியகத்துக்கோ போங்கள். தஞ்சைப் பக்கம், மாமல்லபுரம், சென்னை எழும்பூர் அருங்காட்சியகம், எது அருகில் இருக்கிறதோ அங்கே. முதல் நாள் முகத்தைத் தொடாதீர்கள். பல கைகளைச் சிற்பி எப்படி ஓர் உடலில் பொருத்தியிருக்கிறார் என்று பாருங்கள். முன்னிரு கைகள் இயல்பான உடலின் கைகளாக இருக்கும், மற்றவை தோளுக்குப் பின்னிருந்து விசிறிபோல் விரியும். அந்த மூட்டு பிடிபடாவிட்டால் எட்டுக் கை வரைந்தாலும் ஒட்டவைத்ததுபோல் இருக்கும்.

கை பிடிபட்ட பிறகு உங்கள் காளி யார் மேல் கோபமாக இருக்கிறாள் என்று ஒரே வரியில் எழுதி நோட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள். யாருக்கு அபயம் தருகிறாள் என்று இன்னொரு வரி. இரண்டில் ஒன்று எழுத வரவில்லை என்றால் கேன்வாஸை வாங்க அவசரப்பட வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் பென்சிலோடு இருங்கள்.